சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: சிகிச்சைக்குப் பிறகும் மூச்சிரைப்பது ஏன்?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு பரம்பரை நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான சிஎஃப்டிஆர் மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு இந்நோய் ஏற்படும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகமாகவும் ஆசியர்களிடம் அரிதாகவும் காணப்படுகிறது. இதனால் நுரையீரலில் சளி கெட்டியாகிறது. கிருமித்தொற்று அடிக்கடி வந்து மூச்சுக்குழாய்களைச் சிதைக்கிறது.

மூன்று மருந்துகள் சேர்ந்த டிரிகாஃப்டா 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உட்கொண்டவர்களுக்குச் சளி இளகியது. முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, மருத்துவச் சோதனையில் சுமார் 14 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. ஆயினும், பெரியவர்கள் சிலருக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு தொடர்கிறது.

காரணம், மருந்து சளியை இளக்கும். ஏற்கெனவே தழும்பேறி விரிந்துபோன குழாய்களைப் பழையபடி ஆக்காது.

நல்ல உடல்நலம் உள்ளவர் வேகமாக ஓடினாலும் மூச்சில் மிச்சம் இருக்கும். முதலில் எல்லையைத் தொடுவது இதயமும் தசைகளும்தான். நுரையீரல் பாதிக்கப்பட்டவருக்கோ மூச்சே முதலில் எல்லையைத் தொடக்கூடும்.

மருத்துவர்கள் இதற்கு எளிய கணக்கு வைத்துள்ளனர். ஒரு விநாடியில் ஊதும் அளவை 40 ஆல் பெருக்கினால், ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு காற்றை மூச்சில் இழுத்துவிட முடியும் என்பது ஏறக்குறையத் தெரியும். 3.5 லிட்டர் ஊதுபவருக்கு அது 140 லிட்டர், 1.5 லிட்டர் ஊதுபவருக்கு 60 லிட்டர் மட்டுமே. மேலும், வேகமாக மூச்சுவிடும்போது உள்ளே போன காற்று முழுதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்க நேரிடும். நெஞ்சு நிரம்பியபடியே இருப்பதால் திணறல் கூடுகிறது.

எல்லா மூச்சிரைப்புக்கும் நுரையீரல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டு நோயால் தசைகளும் பலவீனமடைந்திருக்கலாம். முகமூடி அணிந்து சைக்கிள் மிதிக்கும் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். தசைதான் காரணம் என்றால், முறையான பயிற்சியால் தேற்றலாம்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். புதிய மருந்துகள் வருவதற்கு முன், 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, நோயாளிகளை 8 ஆண்டுகள் கவனித்தது. உடல்திறன் மிகுந்த பிரிவில் 83 விழுக்காட்டினரும், மிகக் குறைந்த பிரிவில் 28 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர்.

இந்நோயாளிகளின் வியர்வையில் உப்பு அதிகம் வெளியேறும். ஆகவே, நம் நாட்டு வெயிலில் பயிற்சி செய்வோர் தண்ணீரோடு எவ்வளவு உப்பு சேர்க்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.