உறுமியின் பயணம்

இடம்பெயரும் மக்கள் மண்ணைச் சுமந்து செல்லார். ஒலியைச் சுமந்து செல்வர். 1975இல் இலண்டனில் பிறந்து, ஈழத்தில் வளர்ந்து, 1986இல் ஏதிலியாக இலண்டன் மீண்டவர் மாதங்கி அருள்பிரகாசம். ஆங்குத் திரைக்கலை பயின்ற அவர், 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரில் ஒலியும் காட்சியும் இணைத்துப் படைக்கலானார். 2007இல் தம் அன்னையின் பெயரால் வெளியிட்ட 'கலா' இசைத்தொகுப்பில், 'தளபதி' (1991) திரைப்படத்துக்கு இளையராசா அமைத்த இசையின் கூறு ஒலித்தது. தமிழகத்து உறுமியும் முழங்கியது.

மலேசியத் தோட்டக் கோயில்களில் முழங்கியதும் அவ்வுறுமியே. 1990களில் புத்ராஜெயா நகர் எழுந்தபோது, பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டத்தார் இடம்பெயர்ந்து, டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறினர். தோட்டங்கள் மறைந்தன. எளியோர் கருவியெனக் கற்றோர் ஒதுக்கியதை உலகம் செவிமடுத்தது. அம்முழக்கத்தைத் தம் பாட்டனார் வரலாறாக டெங்கில் மாணவர் பயிலுதல் வேண்டும்.