துப்பறியும் பெண்: தொடக்ககாலத் திரைப்படங்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

துப்பறிதல் அறிவின் அதிகாரத்தோடு தொடர்புடைய செயலாகும். பிறர் மறைத்ததைக் கண்டுரைப்பவருக்கே மர்மக்கதையின் இறுதிச்சொல் உரியதாகிறது. அவ்வுரிமை பெண்ணுக்கு, குறிப்பாகப் பள்ளிப் பருவத்துப் பெண்ணுக்கு, எவ்வளவு வழங்கப்பட்டது என்பதை அமெரிக்கப் படம் ஒன்றையும் தமிழ் மர்மப் படங்கள் சிலவற்றையும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நான்சி ட்ரூ

1930இல் தொடங்கிய நான்சி ட்ரூ நூல்வரிசை கரோலின் கீன் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. தொடக்க நூல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மில்ட்ரெட் பென்சன். 1938இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வில்லியம் கிளெமென்ஸ் இயக்கத்தில் 'நான்சி ட்ரூ: டிடெக்டிவ்' என்னும் படத்தை வெளியிட்டது. நான்சியாக நடித்த பொனிட்டா கிரான்வில் அப்போது 15 வயதினர். 1939இல் மேலும் மூன்று படங்கள் தொடர்ந்தன.

பள்ளிக்கு நன்கொடை தர முன்வந்த செல்வ மூதாட்டி காணாமற்போக, நான்சி தேடிப் புறப்படுகிறாள். தூதுப்புறா ஒன்று துப்பாக அமைகிறது. தோழன் டெட் செவிலியர் உடையணிந்து உதவுகிறான். நூலில் நிதானமும் தன்னம்பிக்கையும் கொண்டு விளங்கும் நான்சி, படத்தில் படபடப்பும் துடுக்குத்தனமும் மிக்கவளாக மாறுகிறாள். வழக்கறிஞரான தந்தையின் கண்டிப்பும் காவலரின் அலட்சியமும் அவளைச் சூழ்கின்றன. எனினும் மர்மத்தின் முடிச்சை அவிழ்ப்பவள் அவளே. நகைச்சுவை அவள் அறிவின் கூர்மையை மழுக்கினும் அவ்வறிவை அவளிடமிருந்து பறிக்கவில்லை.

தமிழ்ச் சூழல்

தமிழில் துப்பறியும் புதினம் இதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாயிற்று. இராஜாம்பாள் 1951இல் ஆர். எஸ். மனோகர் நடிப்பில் திரைக்கு வந்தாள். இவற்றின் தலைப்பில் பெண் பெயர் நிற்பது நோக்கத்தக்கது. ஆயினும் அப்பெண்கள் இன்னலுக்கு ஆளாவோரே. இராஜாம்பாள் கதையில் துப்பறிபவர் கோவிந்தன். மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'திகம்பர சாமியார்' (1950) படத்திலும் பல வேடம் புனைந்து உண்மை காண்பவர் எம். என். நம்பியாரே.

நகைச்சுவைத் துப்பறிவாளரும் தமிழில் ஆணாகவே அமைந்தார். 1942 முதல் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' இதற்குச் சான்று. சாம்பு அசடாயினும் தற்செயல் அவருக்குப் புகழைத் தேடித்தருகிறது. நான்சியோ அறிவால் வென்றும் சிறுபிள்ளையாக நடத்தப்படுகிறாள். ஆணின் அறியாமை மன்னிக்கப்படுவதும் பெண்ணின் அறிவு கேலிக்கு உள்ளாவதும் ஒரே மனப்போக்கின் இரு முகங்கள் எனலாம்.

விதிவிலக்கு

எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) இவ்வகையில் தனித்து நிற்கிறது. பாடல்களற்ற இப்படத்தில் கொலையை விசாரிப்பவர் ஜாவர் சீதாராமன் ஏற்ற அதிகாரி சிவானந்தம். ஆனால் கணவன் ராஜனின் நாட்டுத் துரோகத்தை முதலில் கண்டறிபவள் பண்டரிபாய் ஏற்ற உஷா. அவள் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டுக்கே அவன் இரையாகிறான். உண்மையைக் கண்டவளே குற்றவாளியாக நிற்கிறாள். துப்பறிவாளர் என்னும் பெயர் அவளுக்கு வாய்க்கவில்லை.

முடிவுரை

அமெரிக்கப் படம் பெண்ணின் துப்பறியும் அறிவை ஏற்று, அதனைச் சிரிப்பால் அடக்கியது. மேற்கண்ட தமிழ்ப் படங்கள் தலைப்பைப் பெண்ணுக்குத் தந்து, தீர்வை ஆணுக்கு வைத்தன. உஷாவைத் துப்பறிவாளராகவும் வாசிக்கும்போது தமிழ் மர்மப்பட வரலாற்றில் பெண்ணறிவுக்குரிய இடம் புலப்படுகிறது.