சாமிகிட்ட கேட்டீங்களா?

ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தால் கொல்கத்தா தமிழ்க் குடும்பங்களின் டூர் புரோகிராம் காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர், கடைசியில் மாயாபூர் என்றுதான் இருக்கும். மாயாபூரில் இஸ்கான் கட்டிவரும் பிரம்மாண்டமான கோயிலுக்குப் பின்னால் இருப்பவர் ஆல்ஃபிரட் ஃபோர்டு. கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன். நம்ம கொல்கத்தாக்காரரான பிரபுபாதரிடம் 1970களில் தீட்சை வாங்கி அம்பரீஷ தாஸ் ஆனவர். வங்காளத்து மாப்பிள்ளையும் கூட.

இப்படிப்பட்ட பக்தருக்கே சாமிகள் 'வேண்டாம்' என்று சொன்ன கதை இது.

2005 டிசம்பரில் இமாசலப் பிரதேச காங்கிரஸ் அரசு, ஃபோர்டு பின்னணியில் இருந்த ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. மணாலிக்குப் பக்கத்தில் 'ஹிமாலயன் ஸ்கீ வில்லேஜ்' என்று ஒரு பனிச்சறுக்கு கிராமம். ஹோட்டல்கள், வில்லாக்கள், மலை உச்சிக்கு ரோப் கார். முதலீடு சுமார் 30 கோடி டாலர்.

குலு பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் தேவதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ராஜா ஜகத் சிங் நாட்டையே ரகுநாதருக்கு எழுதி வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். தசராவுக்கு எல்லா தேவதைகளும் பல்லக்கில் வந்து அவரைப் பார்க்கும். பெரிய ஆபத்து வந்தால் பழைய தலைநகரான நக்கரில் 'ஜக்தி' கூட்டுவார்கள். 'கூர்' எனப்படும் சாமியாடிகள் மேல் தேவதை இறங்கி வாக்கு சொல்லும். நம்ம ஊர் குறி கேட்பது மாதிரிதான், ஆனால் ஒரு பள்ளத்தாக்கே சேர்ந்து கேட்பது.

2006 பிப்ரவரியில் ஜக்தி கூடியது. தீர்ப்பு: கூடாது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 'ஃபோர்டை எதிர்க்கும் தெய்வங்கள்' என்று சிரித்துக்கொண்டே எழுதினார்கள்.

நான் சிரிக்க மாட்டேன். லோன் ஃபைல் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த அருள்வாக்குக்குப் பின்னால் இருந்த கேள்விகள்தான் கண்ணில் படுகின்றன. ஹோட்டலுக்குத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து? ஆடு மேய்க்கும் புல்வெளி என்ன ஆகும்? வெளி மாநிலத்தார் விவசாய நிலம் வாங்க முடியாதபடி 1972லேயே சட்டம் போட்ட மாநிலத்தில் மலையை யாருக்குக் கொடுக்கிறீர்கள்? எந்தப் பிராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள்.

அதற்காக ஜக்தியை ஐ.நா. சபை ஆக்கவும் வேண்டாம். கூட்டியவர் ரகுநாதர் கோயில் பொறுப்பிலுள்ள ராஜ குடும்பத்து மகேஷ்வர் சிங், முன்னாள் பா.ஜ.க. எம்.பி. அன்றைக்கு ஆளும் கட்சி காங்கிரஸ். அதோடு, வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் இளைஞர்களும் இருந்தார்கள். சாமி சொன்ன பிறகு அவர்கள் யாரிடம் போய் மறுத்துப் பேசுவது?

ஆனாலும் அதே 2006ல் இங்கே நடந்ததைப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிங்கூர். நானோ கார் தொழிற்சாலைக்கு 997 ஏக்கரை 1894ஆம் வருஷத்துச் சட்டத்தைக் காட்டி அரசு எடுத்தது. நிலம் கொடுக்க மாட்டேன் என்றவர்களுக்குச் சொல்ல ஒரு சபை இல்லை, தெருதான் இருந்தது. 2007 மார்ச் 14ல் நந்திகிராமில் போலீஸ் சுட்டதில் 14 பேர் செத்தார்கள். 2008 அக்டோபரில் டாட்டா கிளம்பினார்கள். 2016ல் சுப்ரீம் கோர்ட் சிங்கூர் கையகப்படுத்தலையே ரத்து செய்தது. கார் வரவில்லை, நடுவில் பத்து வருஷம் வயலும் இல்லை.

குலுவில் கட்சி மாறியது, கோர்ட் கேஸ் நடந்தது, பனிச்சறுக்கு கிராமம் வரவேயில்லை. ஆனால் மண்வெட்டி விழும் முன்பே கேள்வி விழுந்தது. அதுதான் வித்தியாசம்.

சட்டம் இந்த இடத்துக்கு வர 2013 ஆனது. அந்த வருஷம் ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேதாந்தாவுக்காக பாக்சைட் தோண்டலாமா என்பதை கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது சுப்ரீம் கோர்ட். 12 சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அந்த மலையும் அவர்களுக்கு சாமிதான், நியம் ராஜா. ஆனால் இந்த முறை சாமியாடி இல்லை, ஊர்க்காரர்களே எழுந்து தங்கள் வாயால் பேசினார்கள். அதே வருஷம் வந்த புதிய நிலச் சட்டம், தனியார் திட்டத்துக்கு நிலம் எடுக்க 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும் என்றது.

வீட்டை அடமானம் வைக்க வருபவரிடம்கூட மனைவி கையெழுத்து எங்கே என்று கேட்கிறோம். மலையை எழுதிக் கொடுக்கும்போது ஊரைக் கேட்காமல் விடலாமா?