கவாத்திலிருந்து கல்விக்கு: உயர்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வியின் வளர்ச்சி

இந்திய உயர்நிலைப் பள்ளிகளுக்குள் உடற்பயிற்சி படைப்பயிற்சியின் சாயலில் நுழைந்தது. 1920-க்குப் பின் சென்னை மாகாணத்தில் அது கல்வியின் ஓர் உறுப்பாக உருப்பெறத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் அமைந்த பெருங் கல்விக் குழுக்கள் அதன் மதிப்பை ஐயமின்றி ஏற்றன. ஆயினும் பள்ளியின் கால அட்டவணையில் அதற்குரிய இடம் இன்றுவரை உறுதிப்படவில்லை. இவ்வளர்ச்சியைக் காலவரிசையில் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எல்லா மாணவருக்கும் உரியதாகக் கருதப்பட்டபோதெல்லாம் உடற்கல்வி வளர்ந்தது. ஆட்டத்தில் தேர்ந்த சிலருக்கு உரியதாகக் கருதப்பட்டபோது சுருங்கியது.

பள்ளிக்கு வெளியே இருந்த மரபு

தமிழகத்தில் உடலைப் பழக்கும் மரபு பள்ளிக்கூடத்தைச் சார்ந்து வளரவில்லை. சிலம்பக் கூடங்களில் ஆசானிடம் கம்பு வீசக் கற்றனர். தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை முதலிய பயிற்சிகள் தேகப்பயிற்சிச் சாலைகளில் நடந்தன. சடுகுடு, கிளித்தட்டு போன்ற ஆட்டங்களுக்கு ஊர்ப் பொதுவிடமும் நிலவொளியும் போதுமானவையாக இருந்தன. எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் இடம் வேறு, உடலைப் பழக்கும் இடம் வேறு என்றே இருந்தது.

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிகள் எழுந்தன. யான் என்பவர் 1811-இல் பெர்லினில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை நிறுவினார். லிங் என்பவர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கான மைய நிறுவனத்தைத் தொடங்கினார். கட்டளைக்கு ஏற்பக் கைகால்களை ஒரே சீராக அசைக்கும் லிங்கின் முறை, பின்னர் ஆங்கிலேயப் பள்ளிகளிலும் பரவியது.

கவாத்துக் காலம்

ஹண்டர் தலைமையில் 1882-இல் அமைந்த இந்தியக் கல்விக் குழு, நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், கவாத்து ஆகியவற்றைப் பள்ளியின் நிலைக்கேற்ப ஊக்குவிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நாட்டு விளையாட்டுகளை அக்குழு முதலில் குறிப்பிட்டது கருதத்தக்கது. நடைமுறையில் கவாத்தே நிலைபெற்றது. அதற்குக் கருவி வேண்டியதில்லை. ஒருவரே நூறு பேரை நடத்த முடியும். கற்பிக்க ஓய்வுபெற்ற படைவீரர்கள் கிடைத்தனர். இவ்வாறு ‘டிரில் மாஸ்டர்’ பள்ளிக்குள் வந்தார். வரிசையும் ஒழுங்கும் கீழ்ப்படிதலும் அப்பயிற்சியின் இலக்குகளாக இருந்தன. மாணவரின் வயது, உடல்வாகு, விருப்பம் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. டிரில் மாஸ்டரும் பாட ஆசிரியருக்கு நிகராக மதிக்கப்படவில்லை.

பக்கும் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வும்

மாற்றம் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியே வந்தது. அவ்வியக்கத்தின் உடற்கல்வி இயக்குநராக ஜே. எச். கிரே 1908-இல் கல்கத்தாவுக்கு வந்தார். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி.

பக்கின் பங்களிப்பில் மூன்று கூறுகள் முதன்மையானவை. முதலாவது, உடற்கல்வி ஆசிரியரும் கல்வி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும் என்ற நிலைப்பாடு. இரண்டாவது, இடமும் பணமும் குறைந்த பள்ளிகளுக்கு ஏற்ற விளையாட்டுகளைப் பரப்பியது. 1891-இல் உருவான கூடைப்பந்தும் 1895-இல் உருவான கைப்பந்தும் ஒய்.எம்.சி.ஏ. சூழலில் பிறந்தவை; சிறிய ஆடுகளத்தில் பலர் ஒருங்கே ஆடத்தக்கவை. இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் ஒரு பந்தும் கொண்டு ஆடக்கூடிய கைப்பந்து தமிழகத்தின் சிற்றூர்களில் வேரூன்றியதற்கு இந்த எளிமையே காரணம். மூன்றாவது, மாணவர் அனைவரும் பங்கேற்கும் பாடத்திட்டம் வேண்டும் என்ற கொள்கை. மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் பணியாற்றிய அவர், இக்கொள்கையை உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராக இருந்த பக், வெற்றி வீரர்களை உருவாக்குவதை மட்டும் தம் பணியாகக் கொள்ளவில்லை. அவர் 1943-இல் மறையும்வரை ஆசிரியர்களை உருவாக்குவதே அவரது முதற்பணியாக இருந்தது. இதே காலத்தில் சுவாமி குவலயானந்தர் 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகாசனங்களை அறிவியல் முறையில் ஆராய்ந்தார். பிற்காலத்தில் பள்ளிப் பயிற்சியில் யோகா இடம்பெற அவரது ஆய்வுகள் துணைநின்றன.

விடுதலைக்குப் பின்

ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) உடற்கல்வி குறித்துத் தெளிவான பரிந்துரைகளை வழங்கியது. பயிற்சிகள் மாணவரின் தனிப்பட்ட உடல் திறனுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரின் உடற்பயிற்சி பற்றியும் முழுப் பதிவேடு வேண்டும். 40 வயதுக்குட்பட்ட ஆசிரியர் அனைவரும் மாணவரோடு பயிற்சிகளில் பங்கேற்க வேண்டும் என்றது. கடைசிப் பரிந்துரை ஆழமானது. உடற்கல்வியை ஓர் ஆசிரியரின் தனிப்பொறுப்பு என விட்டுவிடாமல், முழுப் பள்ளியின் கடமையாக அது மாற்றியது.

1956-இல் உடற்கல்விக்கும் பொழுதுபோக்குக்குமான தேசியத் திட்டம் வெளிவந்தது. 1957-இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆனால் தேசிய மாணவர் படை, துணை மாணவர் படை, தேசிய ஒழுங்குத் திட்டம் எனப் பல திட்டங்கள் பள்ளிகளில் ஒரே வேளையில் நடந்தன. இவற்றை ஆராய 1959-இல் குன்ஸ்ரு குழு அமைக்கப்பட்டது. ஒருங்கிணைந்த ஒரே திட்டம் வேண்டும் என்பது அதன் முடிவு. உடல் திறன், மனவிழிப்பு, விடாமுயற்சி, குழு உணர்வு, தலைமைப் பண்பு ஆகியவற்றை உடற்கல்வி வளர்க்கிறது என்று கோத்தாரி குழு (1964-66) வலியுறுத்தியது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை அதைக் கற்றலின் பிரிக்க முடியாத பகுதி என்றது. 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்புவரை உடல்நலமும் உடற்கல்வியும் கட்டாயப் பாடம் என வகுத்தது.

தமிழகத்தில் உடற்கல்வி ஆசிரியர், மேல்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி இயக்குநர் என்ற பணியிடங்கள் நிலைபெற்றன. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்ற படிநிலைகளில் போட்டிகள் நடக்கின்றன. உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004-இல் சட்டம் இயற்றப்பட்டது. போட்டி அமைப்பு இவ்வாறு வலுப்பெற்றபோது, அணிக்குள் வராத பெரும்பான்மை மாணவரின் அன்றாடப் பயிற்சி அதே அளவு கவனம் பெறவில்லை.

மதிப்பின் அடிப்படை

உயர்நிலைப் பள்ளிப் பருவம் வளரிளம் பருவத்தோடு இணைந்தது. எலும்பின் உறுதியில் பெரும்பகுதி இவ்வாண்டுகளில் சேர்கிறது. இதய, நுரையீரல் திறனும் உடற்பயிற்சிப் பழக்கமும் இப்போதே அமைகின்றன. 5 முதல் 17 வயதுவரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு அந்நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 விழுக்காட்டினருக்கு இந்த அளவு இயக்கம் இல்லை. பெரும்பாலான நாடுகளில் பெண்பிள்ளைகளின் நிலை ஆண்பிள்ளைகளினும் பின்தங்கியுள்ளது.

படிப்புக்கு இடையூறு என்ற அச்சத்துக்கும் ஆய்வு விடை தந்துள்ளது. 1970-களில் கனடாவின் துருவா ரிவியேர் பகுதித் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து நாள்தோறும் ஒரு மணிநேர உடற்கல்வி சேர்க்கப்பட்டது; மாணவரின் தேர்ச்சி அதனால் குறையவில்லை. விதிக்குக் கட்டுப்படுதல், தோல்வியை ஏற்றல், சாதியும் வசதியும் பாராது ஓரணியாக இயங்குதல் ஆகியவை ஆடுகளத்தில் செயலாகவே பழகப்படுபவை. இவற்றைப் பாடநூல் சொல்லலாம், பழக்க இயலாது.

சட்டமும் நடைமுறையும்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. 100 மாணவருக்கு மேற்பட்ட ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையிலான பள்ளிகளுக்குப் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரையும் வரையறுக்கிறது. ஒன்பதும் பத்தும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பொதுத்தேர்வு நெருங்கும் அவ்வகுப்புகளில்தான் ‘பி.டி. பீரியட்’ கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறுகிறது. இடைநிலை வகுப்புகளுக்கு வாரம் 180 நிமிடம் என்பது யுனெஸ்கோவின் பரிந்துரை. வாரம் 45 நிமிடப் பாடவேளை இரண்டு மட்டும் தரும் பள்ளி, அதில் பாதியையே எட்டுகிறது. அவையும் பறிபோனால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

ஹண்டர் குழு முதல் இன்றைய கலைத்திட்டம்வரை உடற்கல்வியின் மதிப்பை எந்தக் குழுவும் மறுத்ததில்லை. குறை, கொள்கையில் இல்லை, செயலாக்கத்தில் உள்ளது. உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு மாற்றாமை, காலிப் பணியிடங்களை நிரப்புதல், அணியில் இடம்பெறாத மாணவருக்கும் மாணவியருக்கும் முறையான பயிற்சி அளித்தல் ஆகிய மூன்றையும் பள்ளிகளும் அரசும் உறுதிசெய்ய வேண்டும். இவை நிறைவேறும்போதே உடற்கல்வி, முதலியார் குழு கருதியவாறு, முழுப் பள்ளியின் கல்வியாக அமையும்.