ஒட்டுத் துணி பிறந்த கதை

சுகாருவில் பருத்தி முளைக்காது. ஜப்பானின் வடக்கே, இன்றைய அவோமோரி மாகாணத்தில் அவ்வளவு குளிர். குடியானவர்கள் உடுத்தியது சணல் நார்த் துணி. பனிக்காற்று அதன் இழைகளுக்குள் தாராளமாகப் புகுந்தது. போதாததற்கு, ஏழைகள் பருத்தி உடுத்த எடோ கால ஆட்சியாளர்கள் கட்டுப்பாடும் விதித்திருந்தார்கள். பிள்ளைகளை எதைப் போர்த்திக் காப்பாற்றுவது?

விடை கப்பலில் வந்தது. ஒசாகாவிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே போன வணிகக் கப்பல்களில், நகரத்தார் உடுத்திக் கழித்த பருத்திக் கந்தலும் ஏறியது. பெண்கள் உள்ளங்கையளவுத் துண்டைக்கூட விடவில்லை. சணல் துணிமேல் வைத்து நெருக்கி நெருக்கி நூலோட்டினார்கள். அம்மம்மா வைத்த ஒட்டின்மேல் அம்மா, அதன்மேல் மகள். பொருளாதாரத் தடைக்குள் 1990களைக் கழித்த இலங்கையின் வன்னி வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல: வெளியிலிருந்து வராவிட்டால், இருப்பதைத்தான் நீட்ட வேண்டும். அந்தத் தையலுக்குச் சஷிகோ என்றும் கந்தலுக்குப் போரோ என்றும் பெயர். உலகப் போருக்குப் பின் ஜப்பான் செழித்தது, போரோ வெட்கக்கேடானது. மறைத்தார்கள், எரித்தார்கள். கதை அங்கேயே சாம்பலாகியிருக்கும்.

சேகரிப்பாளர் சூசாபுரோ தனாகா விடவில்லை. 1960களிலிருந்து ஊர் ஊராக நடந்து, பிறர் வீசவிருந்ததைக் கேட்டு வாங்கினார். பின்னர் அவர் சேகரிப்பில் 786 உருப்படிகளை அரசே பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 1981இல் ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர்கள் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் பாரிஸுக்குப் போனார்கள். ஓட்டையும் கிழிசலும் அங்கே மேடையேறின. சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கண்கள் பழகின. இன்று கடைகளில் புத்தம்புது ஜீன்ஸில் வேண்டுமென்றே வைத்துத் தைக்கும் நீல ஒட்டு, அந்தக் குளிரில் பிறந்தது.

வன்னியில் போரின் கடைசி மாதங்களாக 2009 வந்தது. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கடற்கரை மணலில் பங்கர் வெட்ட வெட்டச் சரிந்தது. சாக்கு இல்லை. பெண்கள் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்தார்கள். துண்டாக்கி, பையாகத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள். நூல்சேலை முடிந்தபோது பட்டுச்சேலை. பிறகு கூறைச்சேலையும் போனது. எறிகணைக்கு எதிரே நின்றது அந்தத் தையல்தான்.

அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவின் அசகுசாவில் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. தனாகாவின் கந்தல்களைக் காட்சிக்கு வைத்து, வந்தவர்கள் கையால் தொட்டுப் பார்க்கவும் விட்டார்கள்.

முள்ளிவாய்க்கால் மணலில் அப்போதும் சேலைத் துண்டுகள் கிடந்தன.