மருதானை மேடையும் டயகமப் பிள்ளைகளும்

கொழும்பு நகரின் கலை வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளையே வைத்திருக்கிறார்கள். ஒன்று சிங்கள அரங்கின் கணக்கு, மற்றது தமிழ் அரங்கின் கணக்கு. முஸ்லிம்களுக்கு இரண்டிலும் அடிக்குறிப்பில்தான் இடம். நம்மவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "கூத்தும் பாட்டும் நமக்கு எதுக்கு?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். ஆனால் நூறு வருடங்களுக்கு முன் மருதானையில் மாலை நேரங்களில் மக்கள் எதைப் பார்க்கப் போனார்கள், அங்கே யாருடைய இசை கேட்டது என்று தேடிப் பார்த்தால், நம் பங்கு அடிக்குறிப்புக்குள் அடங்காது என்பது விளங்கும்.

இதை நான் டயகமவிலிருந்து எழுதுகிறேன். தலவாக்கலையில் இறங்கி, லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி, ஹோர்ட்டன் சமவெளியின் பக்கமாக ஏறினால் வருகிற தோட்டப்பகுதி. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடம். பிள்ளைகள் டவர் ஹோல், லயனல் வென்ட் அரங்கு என்ற பெயர்களையெல்லாம் மனனம் செய்து பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால் அவற்றில் ஒன்றின் கதிரையில்கூட உட்கார்ந்தவர்கள் இல்லை. ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "சேர், அந்த மண்டபத்துக்குள்ள எங்கள மாதிரி ஆக்கள விடுவாங்களா?" டிக்கட் எடுத்தா யாரையும் விடுவாங்க என்று சொல்லிவிடலாம். ஆனால் அவன் கேட்டது டிக்கட்டைப் பற்றி இல்லை. அதற்குப் பதில் சொல்ல வரலாற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்ஸி நாடகக் குழுக்கள் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தன. திரைச்சீலைக் காட்சிகள், பளபளக்கும் உடுப்பு, ஹார்மோனியம், தபேலா, இந்துஸ்தானி மெட்டு என்று அவை காட்டிய புதுமையில் நகரம் மயங்கியது. அந்தப் பார்ஸி அரங்குக்கு அடித்தளமிட்ட நாடகங்களில் முதன்மையானது 'இந்தர் சபா'. 1850களில் லக்னோவில், நவாப் வாஜித் அலி ஷாவின் ஆட்சிக்காலத்தில், ஆகா ஹஸன் அமானத் என்ற முஸ்லிம் கவிஞர் உருது மொழியில் எழுதியது. கதை நடப்பது இந்திரனின் சபையில், எழுதியவர் முஸ்லிம், கம்பனி நடத்தியவர்கள் பார்ஸிகள், ரசித்தவர்கள் எல்லாச் சாதி சமயத்தவரும். அந்தக் காலத்து அரங்கு அப்படித்தான் இருந்தது.

இந்தக் குழுக்களைப் பார்த்துத்தான் சிங்களத்தில் 'நூர்த்தி' என்ற நாடகவகை பிறந்தது. சி. டொன் பஸ்தியான், ஜோன் டி சில்வா, சார்ள்ஸ் டயஸ் ஆகியோர் அதன் முன்னோடிகள். ஜோன் டி சில்வா தன் நாடகங்களுக்கு இசையமைக்க விசுவநாத் லௌஜி என்பவரை இந்தியாவிலிருந்து வரவழைத்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் 1903இல் அரங்கேறிய 'சிறிசங்கபோ' நாடகத்துக்கு அவர் போட்ட மெட்டுகளில் ஒன்று இன்றுவரை சிங்கள மக்களின் நெஞ்சில் நிற்கிறது. நூர்த்தியின் மெட்டுகள் இந்துஸ்தானி ராகங்களில் பிறந்தவை. அந்த இந்துஸ்தானி சங்கீதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம் உஸ்தாத்மார் என்பதை எந்த இசை வரலாறும் மறுக்காது. ஆகவே 'சுத்தமான சிங்கள இசை' என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்டதன் வேரில் லக்னோவும் இருந்தது, பம்பாயும் இருந்தது.

1911 டிசம்பரில் மருதானை பஞ்சிகாவத்தை வீதியில் டவர் ஹோல் திறக்கப்பட்டது. முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய'. மருதானை எப்படிப்பட்ட இடம் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிவாசலும், 1892இல் தொடங்கிய ஸாஹிராவும், நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவின் நினைவும் உள்ள இடம். நம் சமூகம் செறிந்து வாழ்ந்த ஒரு பகுதியின் நடுவில்தான் நாட்டின் புகழ்மிக்க நாடக மண்டபம் எழுந்தது.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. டவர் ஹோல் திறந்ததற்கு அடுத்த வருடம், 1912இல், எங்கள் மலைநாட்டின் வாசலான கம்பளையில் ஒரு தகராறு முற்றியது. பெரஹெரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா, நிறுத்த வேண்டுமா என்பதே பிரச்சினை. வழக்கு கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் பௌத்தத் தரப்புக்குச் சாதகமாக முடிந்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே வருடம் மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் மோதல் மூண்டு பல மாவட்டங்களுக்குப் பரவியது. நம்மவரின் கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. ஜூன் மாதத் தொடக்கத்தில் இராணுவச் சட்டம் வந்தது. அதன் கீழ் அரசு சிங்களவர்மீது நடத்திய அடக்குமுறையும் கொடியது.

கலவரத்துக்கு வியாபாரப் போட்டி முதல் தேசிய எழுச்சி வரை பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மேளச் சத்தம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாலைந்து வருடங்களுக்குள் நடந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூரைக்குக் கீழே, டிக்கட் எடுத்து உட்கார்ந்த சனம், இந்துஸ்தானி மெட்டை ஆசையாகக் கேட்டது. தெருவில், அதிகாரத்தின் அடையாளமாக வந்தபோது, இசை ஒரு சமூகத்தை இன்னொன்றோடு மோத வைத்தது. இசை என்ற ஒரே சங்கதிதான். யார், எங்கே, எந்த எண்ணத்தோடு கூடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஒரு நகரத்துக்கு மண்டபம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1915இன் காயத்துக்குப் பிறகும் நம்மவர் மேடையை விட்டுப் போய்விடவில்லை. மொஹமட் கவுஸ், கவுஸ் மாஸ்டர் என்று எல்லாரும் அழைத்தவர், சிங்கள இசையின் ஆரம்பகாலப் பெயர்களில் ஒருவர். 1947இல் வெளிவந்த 'அசோகமாலா' சிங்களப் படத்துக்கு இசையமைத்தவர் அவர்தான். அந்தப் படத்தில் பாடியவர்களில் ஒருவர் மொஹிதீன் பேக். 1919இல் தமிழகத்தின் சேலத்தில் பிறந்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இலங்கைக்கு வந்தவர். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இல்லாத வெசாக் இந்த நாட்டில் இல்லை. 1991இல் மௌத்தாகும்வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். அவரைத் தங்களவர் அல்ல என்று சொல்ல ஒரு சிங்கள ரசிகர்கூட முன்வரமாட்டார்.

சேலம் என்ற பெயரை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கங்காணிமார் மலையகத்துக்கு ஆள் கட்டிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று; திருச்சி, மதுரை, தஞ்சாவூர் போல. இன்று எங்கள் லயங்களில் உள்ள வயசாளிகளிடம் பூர்வீகம் கேட்டால் "சேலம் பக்கம்" என்று சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே மண்ணிலிருந்து வந்த ஒருவர் மருதானைப் பக்கம் போனார், பாடகரானார். மற்றவர்கள் கோச்சியேறி மலைக்கு வந்தார்கள், கூடை சுமந்தார்கள். அவர்களிடமும் பாட்டு இல்லாமலில்லை. காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் அவர்கள் கூடவே கடல் தாண்டி வந்தவை. தெம்மாங்கும் ஒப்பாரியும் தாலாட்டும் கொழுந்து மலையிலும் லயத்திலும் பாடப்பட்டவை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்ததால் அவற்றில் ஒரு பகுதி பிழைத்தது. திறமையில் அந்தச் சிறுவனுக்கும் இந்தச் சிறுவர்களுக்கும் அல்லாஹ் வித்தியாசம் வைக்கவில்லை. ஒருவனுக்கு நகரத்தின் மாலை நேரம் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மலையகத்துக்கும் கொழும்பு மேடைக்கும் இடையில் பாலமாக இருந்தது வானொலிதான். நகரத்துக்குப் போக முடியாதவர்களைத் தேடி நகரம் லயத்துக்கே வந்தது. அதில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். வானொலியில் புகழ்பெற்ற 'கோமாளிகள்' பாத்திரங்கள் 1976இல் 'கோமாளிகள்' என்ற பெயரிலேயே திரைப்படமாக வந்தபோது, மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரமாக நடித்தவர் எஸ். ராம்தாஸ். ஐயர் பாத்திரம் பி. எச். அப்துல் ஹமீத். இந்து மரிக்காரானார், முஸ்லிம் ஐயரானார், சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. ராம்தாஸ் கடைசிவரை 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே அழைக்கப்பட்டார். அமானத் இந்திரனைப் பாடிய அதே மரபுதான் இது.

நம் வீடுகளுக்குள்ளும் இசை வந்துகொண்டுதான் இருந்தது. நாகூர் ஈ. எம். ஹனிபா இலங்கைக்கு வந்து கச்சேரி செய்தவர். 2015இல் அவர் மறைந்தபோது எங்கள் பசாரில் வாப்பாவின் வயதுக்காரர்கள் அந்தப் பழைய கெஸட்டுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்தக் குரல நேர்ல கேட்டவன் குடுத்து வெச்சவன்" என்றார் ஒரு பெரியவர். நேரில் கேட்பது என்பது வேறு ஒன்று என்பதை அவர் பாடம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

இசை ஆகுமா ஆகாதா, எந்த வாத்தியம் ஆகும், எந்த வரம்புக்குள் ஆகும் என்பது உலமாக்கள் பேசவேண்டிய விடயம். அவர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதும் நமக்குத் தெரியும். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் வரலாற்றைப் பதிவு செய்வது தீர்ப்புக்காகக் காத்திருக்க முடியாது. ம. மு. உவைஸ் போன்ற அறிஞர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தேடி எடுத்துக் காட்டியிராவிட்டால், கிஸ்ஸாவும் முனாஜாத்தும் படைப்போரும் நமக்கு வெறும் பெயராகக்கூட மிஞ்சியிருக்காது. அரங்கு வரலாற்றுக்கு அப்படி ஒரு உவைஸ் இன்னும் வரவில்லை. பழைய நாடக நோட்டீஸ்கள், இசைத்தட்டு உறைகள், கச்சேரி அழைப்பிதழ்கள் இன்னும் சில வீடுகளின் பெட்டியடியில் கிடக்கின்றன. கரையான் வரும் முன் யாராவது கை வைக்க வேண்டும்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். டயகமவில் சாதாரண தரத்தோடு படிப்பை விடுகிற பிள்ளைகளில் பலர் கொழும்புக்குத்தான் போகிறார்கள். பையன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கு, பிள்ளைகள் வீட்டு வேலைக்கு, கார்மெண்ட்ஸுக்கு. லயனல் வென்ட் 1953 முதல் இருக்கிறது. தாமரைத் தடாக அரங்கு 2011இல் வந்தது. வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்தில் அடிக்கடி நிகழ்ச்சி. இவை எல்லாவற்றுக்கும் பஸ் தூரத்திலேயே அந்தப் பிள்ளைகள் வருடக்கணக்காக வாழ்கிறார்கள். ஆனால் கடை பூட்டும் நேரத்தில் நாடகம் தொடங்கிவிடும். நாடகம் முடியும் நேரத்தில் பஸ் குறைந்துவிடும். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவனிடம் "கொழும்புல என்னடா பாத்த?" என்று கேட்டால், "கடையும் கடைக்கு மேல்மாடியும்தான் சேர்" என்கிறான்.

அந்தக் கடைகளில் கணிசமானவை நம் சமூகத்தவரின் கடைகள். கொடுக்கல் வாங்கலில் நேர்மையான, ஸகாத்தும் ஸதகாவும் தவறாத மனிதர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த இதழின் ஊடாக ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் சிறுவனின் குரலுக்கு இந்த நகரம் இடம் கொடுத்தது. சேலத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது உங்கள் கல்லாவுக்குப் பின்னால் பார்சல் கட்டுகிறார்கள். மாதத்தில் ஒரு மாலை அவர்களை நேரத்தோடு விடுங்கள். முடிந்தால் டிக்கட் காசும் கொடுங்கள். திரும்பி வர நேரமானால் கதவைத் திறந்து விடுங்கள். அவர்கள் எல்லாரும் பாடகராகப் போவதில்லை. ஆனால் அந்த மண்டபம் தங்களுக்கும் உரியது என்று தெரிந்துகொண்டு வருவார்கள்.

"விடுவாங்களா?" என்று கேட்டவனுக்கு என் பதில் இதுதான்: "அந்த மேடையக் கட்டினதே வெளியூர்லேர்ந்து வந்த ஆக்கள்தான்டா. நீ முன்வரிசையிலயே போய் உக்காரு." அவன் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறான். அடுத்த வருடம் பெரும்பாலும் கொழும்பில் இருப்பான். யார் கடையில் என்பது இன்னும் தெரியாது.