மதுரைச் சமவெளியில் மரபணுத் தொடர்பாய்வும் தரவுத் தரமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நோய்க்கும் மரபணு வேறுபாட்டிற்கும் உள்ள தொடர்பைப் பெருந்திரள் மக்களிடம் தேடும் ஆய்வுகளில், தரவின் தரம் பெரும்பாலும் கணினிச் சோதனையாகவே கருதப்படுகிறது. ஆயின் அத்தரம் குருதி பெறப்படும் ஊரிலேயே தொடங்குகிறது என்பதை மதுரைச் சமவெளியின் மரபியல் ஆய்வு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நோய் வரையறையும் உறவுப் பதிவும்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பனும் அவர்தம் குழுவினரும் 1980கள் முதல் தமிழகச் சமூகக் குழுக்களிடையே எச்.எல்.ஏ. வேறுபாடுகளை ஆராய்ந்தனர். அவர்கள் ஏட்ரியன் ஹில் குழுவினருடன் இணைந்து மேற்கொண்ட தொழுநோய் ஆய்வு 2001இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளிவந்தது. தென்னிந்தியாவின் 224 குடும்பங்களைச் சேர்ந்த 245 உடன்பிறந்தோர் இணைகளை 396 குறியான்களால் சோதித்த அவ்வாய்வு, 10ஆம் குரோமோசோமின் 10பி13 பகுதியை நோயுடன் இணைத்தது. ஆய்வுக்குட்பட்டோருள் பெரும்பான்மையர் நுண்ணுயிர் குறைந்த வகைத் தொழுநோயினர் ஆவர். வியட்நாமில் 2003இல் வெளியான ஆய்வு 6கியூ25 பகுதியை முதன்மையாகச் சுட்டியது. நுண்ணுயிர் குறைந்த வகையினரைத் தனித்து நோக்கியபோது அங்கும் 10பி13 தொடர்பு புலப்பட்டது. நோய்வகை தெளிவாகப் பதிவாகாதிருப்பின் இவ்வொற்றுமை மறைந்தே போயிருக்கும்.

உறவுப் பதிவும் இத்தகையதே. தமிழில் 'அண்ணன்' என்னும் சொல் பெரியப்பா மகனையும் குறிக்கும். உடன்பிறந்தோர் மரபுக்கூறுகளில் சராசரியாகப் பாதியையும், பெரியப்பா சித்தப்பா மக்கள் எட்டிலொரு பங்கையும் பகிர்வர். எனவே வாய்மொழி உறவைக் குறியான்களால் சரிபார்த்தல் இன்றியமையாததாகிறது.

வடிகட்டிகளும் அகமணமும்

பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளைக் கூட்டாய்வு (2007) சுமார் 17,000 மாதிரிகளுள் 809ஐ மாசு, அடையாளப் பிழை, உறவு, வம்சாவளி வேறுபாடு முதலிய காரணங்களால் நீக்கியது. நீண்ட ஆயுள் பற்றி 2010இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, மரபணுச் சில்லுப் பிழைகளால் 2011இல் திரும்பப் பெறப்பட்டது. வடிகட்டலின் தேவையை இவை உணர்த்துகின்றன.

எனினும் ஹார்டி-வெயின்பெர்க் சமநிலைச் சோதனையை இங்கு அப்படியே பொருத்துதல் இடர்ப்பாடுடையது. ஒத்த இணைகள் மிகுதல் கருவிப் பிழையாலும் நிகழும். தாய்மாமன், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் மணம்புரிதலாலும் நிகழும். அகமணக் குழுக்கள் பலவற்றை ஒன்றாகக் கலத்தலாலும் நிகழும். காரணமறியாது நீக்கின் உண்மை வேறுபாடுகளும் நீங்கும்.

2011இல் மதுரை மாநகராட்சியுடன் இணைந்த அவனியாபுரத்தில் வாழ்பவரை 'மதுரை' என்று மட்டும் பதிதல் முகவரிக்குப் போதும், மரபியலுக்குப் போதாது. நோயாளரும் ஒப்பீட்டாளரும் வெவ்வேறு விகிதத்தில் வெவ்வேறு குழுக்களிலிருந்து வரின், குழு வேறுபாடே நோய்த் தொடர்பாகத் தோன்றும். பிச்சப்பன் குழுவினர் பங்கேற்று 2012இல் வெளிவந்த ஆய்வு, தமிழக ஆடவர் 1,680 பேரை 31 குழுக்களாகப் பகுத்தே ஒய் குரோமோசோமை நோக்கியமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

நோய்வகை, பிறப்புறவு, மணவுறவு, குழு ஆகிய நான்கும் களத்திலேயே துல்லியமாகப் பதியப்படல் வேண்டும். களத்தில் விடுபட்டதைக் கணினி ஐயுறலாம். மீட்டுத் தர இயலாது. பிழையான தொடர்பொன்று ஏற்கப்படின், அதன் இழப்பு குருதி கொடுத்த மக்களையே சாரும்.